ஏர் ரைஃபிளுக்கு ஏற்ற பெல்லட்டும் பாதுகாப்பான பலமும்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது வேகம்தான். "வினாடிக்கு ஆயிரம் அடிக்கு மேல போகுமா?" என்பார்கள். பெட்டியின் மேலும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் குறியில் எங்கே படுகிறது என்பதை வேகம் முடிவு செய்வதில்லை. உங்கள் ரைஃபிளின் குழாயான பேரலுக்கு ஒத்துப்போகும் பெல்லட்டும் (அதில் போடும் சிறு குண்டு), அந்தப் பெல்லட்டுக்கு ஒத்துப்போகும் பலமும்தான் முடிவு செய்கின்றன. உலகப் போட்டிகளில் சுடப்படும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 170 முதல் 175 மீட்டர்தான். அடிக் கணக்கில் பார்த்தால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அந்த வேகத்தை வைத்துக்கொண்டுதான் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் புள்ளியை அடிக்கிறார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் பதக்கம் வாங்கிவருவதும் இதே பிரிவில்தான்.

இந்த வழிகாட்டி உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளைப் பற்றியது. வெடிமருந்துத் தோட்டாவை வீட்டில் நிரப்புவது பற்றியும் சிலர் விசாரிப்பதுண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உரிமம் பெற்ற கடையில் தோட்டா வாங்கிக்கொள்வதே வழி. தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குப் போனால் டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அவர். அந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அந்தக் காலத்தில் சுடுபவரே மருந்தை அளந்து போட வேண்டும். அளவு மிஞ்சினால் குழாய் வெடிக்கும். ஏர் ரைஃபிளில் மருந்தின் இடத்தில் ஸ்பிரிங்கோ அடைத்த காற்றோ இருக்கிறது. ஆனாலும் எவ்வளவு பலம், எவ்வளவு எடை என்று அளந்து பார்க்கும் பொறுப்பு இன்றைக்கும் சுடுபவருடையதுதான்.

முதல் படி: சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று 4.5 மில்லிமீட்டர், மற்றது 20 ஜூல். பேரலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேற்பட்டாலோ, பேரல் வாயில் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ அது உரிமம் வாங்க வேண்டிய ஆயுதமாகிவிடும். 5.5 மி.மீ. ரைஃபிள் "கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்" என்று யாராவது விற்க வந்தால் ஒதுங்கிவிடுங்கள். கடைக்காரர் அடையாளச் சான்று கேட்பார்; கேட்காமல் தருகிற இடத்தில் வாங்காதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வாங்கும்போது 20 ஜூலுக்குள் இருந்த ரைஃபிள் பிறகும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கனமான ஸ்பிரிங் மாற்றினாலும், அழுத்திய காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி வகையில், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கை முறுக்கினாலும் ஆற்றல் கூடும். சில சமயம் பெல்லட்டை மட்டும் மாற்றினாலே எல்லை தாண்டிவிடும். அது எப்படி என்று கீழே கணக்கோடு பார்ப்போம்.

இரண்டாம் படி: உங்கள் ரைஃபிள் எந்த வகை?

பெல்லட் தேர்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேரலை மடித்து இழுக்கும் ஸ்பிரிங் வகையில், ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்குகிறது. அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் உருளையின் முன்சுவரை எட்டும் நேரத்தில் அதற்கு முன்னால் ஒரு காற்று மெத்தை இருக்க வேண்டும். பெல்லட் மிகவும் லேசாக இருந்தால் சட்டென்று கிளம்பிவிடும், மெத்தை இருக்காது, பிஸ்டன் சுவரில் மோதும். மிகவும் கனமாக இருந்தால் பெல்லட் நகர மறுக்கும், பிஸ்டன் அந்தக் காற்றில் பட்டுப் பின்னால் துள்ளும். இரண்டுமே ஸ்பிரிங்கையும், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் வளையத்தையும் தின்னும். பெல்லட்டே போடாமல் சும்மா ட்ரிகரை அழுத்துவது எல்லாவற்றிலும் மோசம். நடுத்தர ஸ்பிரிங் ரைஃபிளுக்கு 0.5 முதல் 0.55 கிராம் வரையுள்ள ஈயப் பெல்லட் நல்ல தொடக்கம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த கேஸ் ராம் வகைக்கும் இதே கணக்குதான்.

பிசிபி வகையில் முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்று உருளையில் இருக்கும். வால்வு ஒரு நொடியின் சிறு பகுதி திறந்து மூடுகிறது. துள்ளும் பிஸ்டன் இல்லாததால் கனமான பெல்லட்டையும் இது பொறுத்துக்கொள்ளும். 0.67, 0.69 கிராம் பெல்லட்டுகள் இதற்கே பொருத்தம்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போடும் கைத்துப்பாக்கிகளும் உண்டு. வெயில் ஏற ஏற அந்த வாயுவின் அழுத்தமும் ஏறும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகவே கூடாது. குறி பார்த்துச் சுடப் பழக அது அவ்வளவு உதவுவதும் இல்லை.

மூன்றாம் படி: பெல்லட்டின் வடிவம்

ஏர் ரைஃபிள் பெல்லட் நடுவில் இடுப்பு ஒடுங்கி, உடுக்கை போல இருக்கும். தலைப்பகுதி பேரலுக்குள் வெட்டியிருக்கும் வரித்தடங்களைப் பிடித்து ஓடுகிறது. பின்னால் இருக்கும் மெல்லிய பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து பேரலோடு ஒட்டிக் காற்று கசியாமல் அடைக்கிறது. அதனால்தான் பாவாடை நசுங்கிய பெல்லட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீண்.

தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும். 10 மீட்டர் குறிக்கு இதுதான். 20 மீட்டரைத் தாண்டினால் தடுமாறத் தொடங்கும். 25, 30 மீட்டருக்கு உருண்டைத் தலை பெல்லட் வாங்குங்கள். கூர்முனை, குழிமுனை வகைகள் பெட்டியில் பார்க்க வீரமாக இருக்கும். முனை மையத்தில் இருப்பது அரிது, கூட்டம் (குறியில் சேர்ந்து விழும் துளைகள்) சிதறும். குறி பழகுபவர் அதில் காசு போட வேண்டாம். இரும்பு உருண்டைகளை வரித்தடமுள்ள பேரலில் போடவே கூடாது. அவை வரியைத் தேய்த்துவிடும், கடினமான எதில் பட்டாலும் சுட்டவர் மேலேயே திரும்பி வரும்.

எடைக்கும் அகலத்திற்கும் சில எடுத்துக்காட்டுகள்: ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 போட்டிப் பெல்லட்டில் ரைஃபிளுக்கான எடை 0.53 கிராம். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் உருண்டைத் தலை 0.547 கிராம், அதன் ஹெவி வகை 0.67 கிராம். எச் அண்ட் என் பராகுடா 0.69 கிராம். 4.5 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் தலையின் உண்மையான அகலம் 4.50, 4.51, 4.52 என்று தனித்தனி டப்பாவில் வரும். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஒரே கம்பெனியின் ஒரே எடைப் பெல்லட், தலை அளவு மாறியதும் ஒரு ரைஃபிளில் கூட்டத்தைப் பாதியாகச் சுருக்குவதும் உண்டு, விரிப்பதும் உண்டு. எந்த அளவு உங்கள் பேரலுக்கு ஒத்துவரும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அண்ணனின் அதே மாடல் ரைஃபிளுக்குப் பொருந்தியது உங்களுடையதற்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

நான்காம் படி: ஜூல் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாதுகாப்பும் சட்டமும் குறியும் சேர்கிற இடம் இதுதான்.

பெல்லட்டின் எடையைக் கிராமிலிருந்து கிலோகிராமாக மாற்றுங்கள், அதாவது ஆயிரத்தால் வகுங்கள். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே வேகத்தால் பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஜூல் வரும். கருவி அடிக் கணக்கில் காட்டினால் முதலில் 0.3048ஆல் பெருக்கி மீட்டராக்கிக்கொள்ளுங்கள்.

0.547 கிராம் பெல்லட் 260 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 18.5 ஜூல். நல்லது, எல்லைக்குள் இருக்கிறது. அதுவே 271 மீட்டர் ஆனால் 20 ஜூலைத் தாண்டிவிடும். 0.67 கிராம் பெல்லட்டுக்கு 240 மீட்டரில் 19.3 ஜூல், 245 மீட்டரில் 20.1 ஜூல். வேகம் ஐந்து மீட்டர் கூடியதில் எல்லை கடந்துவிட்டது. வேகம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதால் சிறு ஏற்றமும் ஆற்றலில் பெரிதாகத் தெரியும்.

இப்போது பெல்லட் மாற்றும் விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் ரைஃபிள் பெரும்பாலும் லேசான அல்லது நடுத்தரப் பெல்லட்டில்தான் அதிக ஆற்றல் தரும். கனம் கூடக் கூட ஆற்றல் இறங்கும். பிசிபியில் நேர்மாறு. கனமான பெல்லட் பேரலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கும், காற்று அதை அதிக நேரம் தள்ளும், ஆற்றல் ஏறும். ஒரு பிசிபி 0.547 கிராம் பெல்லட்டை 265 மீட்டரில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 19.2 ஜூல், சரி. அதே ரைஃபிளில் எதையும் திருகாமல் 0.67 கிராம் பெல்லட்டைப் போட்டு அது 248 மீட்டரில் போனால் 20.6 ஜூல். வேகம் குறைந்திருக்கிறது, ஆற்றல் கூடியிருக்கிறது. ஆகவே பிசிபி வைத்திருப்பவர்கள் தாங்கள் பயன்படுத்தும் பெல்லட்டுகளில் எது கனமானதோ அதை வைத்து அளக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்திருப்பவர்கள் லேசானதை வைத்தும் அளக்க வேண்டும். எல்லைக்கு மிக அருகில் நிற்காமல் 18 ஜூல் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது என் விருப்பம். காகிதக் குறிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் இன்னொரு நுட்பம் உண்டு. முழுக்கக் காற்று அடைத்தவுடன் வால்வு திறக்கச் சிரமப்படும், முதல் சில சூடுகளின் வேகம் குறைவாக இருக்கும். அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, ஒரு உச்சம் தொட்டு, மறுபடி இறங்கும். முதல் மூன்று சூட்டை மட்டும் அளந்துவிட்டு "நம்ம ரைஃபிள் 18 ஜூல்" என்று முடிவு கட்டினால் உச்சத்தில் இருப்பது தெரியாமலே போய்விடும். ஒருமுறை அடைத்த காற்று தீரும் வரை எல்லாச் சூட்டையும் அளந்து எழுதுங்கள். உச்சத்தைச் சுற்றி வேகம் சீராக இருக்கும் பகுதிதான் குறி பார்க்க ஏற்ற பகுதி. எந்த அழுத்தத்தில் தொடங்கி எந்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

அளக்க, பெல்லட்டின் வேகத்தைக் காட்டும் க்ரோனோகிராஃப் என்ற கருவி வேண்டும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் ரைஃபிள் கிளப்பிலோ நண்பரிடமோ இரவல் வாங்கலாம். சூட்டின் சத்தத்துக்கும் குறியில் படும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து வேகம் சொல்லும் போன் செயலிகளும் இருக்கின்றன. ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அவை உதவும். எல்லைக்கு அருகில் உள்ள ரைஃபிளுக்கு அவற்றை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் பத்துச் சூடு அளந்து, மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். ஸ்பிரிங் வகையில் ஐந்தாறு மீட்டர் இடைவெளி நல்ல அறிகுறி. பத்து மீட்டரைத் தாண்டினால் பெல்லட் ஒத்துவரவில்லை, அல்லது சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே எண்ணெய் எரிகிறது.

பெட்டியில் போடும் பெரிய எண் பெரும்பாலும் ஈயமில்லாத, இறகு போன்ற லேசான பெல்லட்டை வைத்து எடுத்தது. வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல் போகும் பெல்லட் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றால் அலைக்கழிக்கப்படும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். 25 மீட்டர் தூரத்துக்கு 240 முதல் 270 வரை போதும்.

ஐந்தாம் படி: டப்பாவைத் திறந்ததும்

ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நல்ல வெளிச்சத்தில் பெல்லட்டுகளைக் கொட்டுங்கள். பாவாடை நசுங்கியது, தலையில் பிசிறு இருப்பது, வெள்ளைப் பொடி பூத்தது மூன்றையும் ஒதுக்குங்கள். லேசாகச் சாய்த்த கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் ஒழுங்கானவை ஒரே வளைவில் ஓடும், கோணலானவை விலகிப் போகும். எடை பார்க்க மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு போதும். நாகர்கோவிலில் நகைத் தொழில் நடக்கும் தெருக்களில் விசாரித்தால் தராசு கிடைக்கும் இடத்தைச் சொல்வார்கள். நல்ல பெல்லட்டில் இந்த எடை வேலை பெரிதாக ஒன்றும் தராது. மலிவான டப்பாவில் மட்டும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

தரையில் விழுந்த பெல்லட்டைத் துடைத்துப் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் பேரலைக் கீறும்.

ஆறாம் படி: சுட்டுப் பார்ப்பது

நான்கைந்து வகைப் பெல்லட் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டப்பா வாங்கும் முன், கிளப்பில் பழகியவர்களிடம் ஆளுக்கு ஐம்பது மாற்றிக்கொண்டால் செலவு மிச்சம். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பேரலுக்குப் புதிய ஈயம் பழக வேண்டும். முதல் இருபது சூட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து கூட்டமாவது வேண்டும். மூன்று சூடு ஒரே துளைக்குள் போனதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பலாம், ஆனால் அதை வைத்துப் பெல்லட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கூட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையம் கிடைக்கும். ஐந்து கூட்டத்தின் சராசரியை எழுதுங்கள். சராசரி குறைவாக இருப்பதோடு மிகப் பெரிய கூட்டமும் சிறியதாக இருக்கிற பெல்லட்டே உங்களுக்கானது. நான்கு கூட்டம் அற்புதமாக வந்து, ஐந்தாவது சிதறும் பெல்லட் போட்டியில் கைவிடும்.

ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அது பின்னும் முன்னும் இருமுறை உதைக்கும். முன்கையில் லேசாகத் தாங்கி அதன் போக்கில் உதைக்க விட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். கடினமான மேசை விளிம்பில் வைத்தால் குறி மேலே போகும். ஸ்கோப் பொருத்துவதாக இருந்தால் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். முன்னோக்கிய உதையைத் தாங்காமல் சாதாரண ஸ்கோப் உடைந்துபோகும்.

பேரலை மடித்துப் பெல்லட் போடும்போது ஒரு கை எப்போதும் பேரலைப் பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் பேரல் மேலே அறையும், விரல் போகும்.

சோதனைக்குக் காலை நேரம் நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காற்றாலைகள் அங்கே நிற்பது காரணத்தோடுதான். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று எழும்பிவிட்டால் 25 மீட்டரில் பெல்லட் பக்கவாட்டில் ஒதுங்கும், குற்றம் பெல்லட்டின் மேல் விழும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் மரங்களுக்கு உள்ளே காற்று அடங்கி இருந்தாலும், விளையின் ஓரத்தில் திடீரென்று வீசும். கிளையில் ஒரு நூலைக் கட்டித் தொங்க விடுங்கள். அது அசையாதபோது சுடுங்கள்.

ஏழாம் படி: எண்ணெய்

ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் காற்றை நசுக்கும்போது உள்ளே வெப்பம் மிக அதிகமாகும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுபோலவே பற்றிக்கொள்ளும். வெடி போன்ற சத்தம், பேரல் வாயில் புகை, கருகிய வாடை வந்தால் இதுதான் நடக்கிறது. "இப்பதான் பவரா இருக்கு" என்று சந்தோஷப்படுபவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சீல் கருகும், ஸ்பிரிங் முறியும், அந்தச் சூட்டின் ஆற்றல் எல்லை தாண்டும், அடுத்த சூடு எங்கே போகும் என்று தெரியாது. புதிய ரைஃபிளில் தொழிற்சாலை எண்ணெய் எரிந்து முதல் சில சூட்டில் லேசான புகை வருவது சாதாரணம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் சுடுவதை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், வண்டி எண்ணெய் எதையும் காற்று போகும் துளையில் விடாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் எண்ணெய், அதுவும் அவர் சொல்லும் அளவு மட்டும். இரும்புப் பாகங்களின் வெளிப்புறத்தைத் துடைக்கத் துப்பாக்கி எண்ணெய் வேறு. அதை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பிசிபிக்குக் காற்று

மூன்றடுக்குக் கைப்பம்பால் அடைப்பவர்கள் ஐந்து நிமிடம் அடித்தால் அதே அளவு ஓய்வு விட வேண்டும். பம்பு சூடானால் சீல் இளகும். ஓய்வின்போது அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலும் ஐப்பசியிலும் காற்றில் இருக்கும் ஈரம் கொஞ்சநஞ்சமல்ல. அதை 200 பார் அழுத்தத்தில் நசுக்கினால் தண்ணீராகப் பிரிந்து உருளைக்குள் போய்த் தங்கும். நிறம் மாறும் சிலிக்கா மணிகள் உள்ள வடிகட்டியைப் பம்பில் பொருத்துங்கள், நிறம் மாறியதும் மணிகளை மாற்றுங்கள்.

உருளையில் குறித்திருக்கும் அழுத்தத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள். அதில் பொறித்த தேதியையும் பாருங்கள்; பல போட்டி ரைஃபிள்களின் உருளைக்குத் தயாரிப்பாளர் பத்தாண்டு ஆயுள் சொல்கிறார். பழையது வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுதான். வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழுத்திய ஆக்சிஜனும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்ந்தால் உருளை வெடிக்கும், ஆள் பிழைக்க மாட்டார். சுத்தமான காற்று மட்டும்.

ஒன்பதாம் படி: பெல்லட்டை எங்கே வைப்பது

இது வெளியூர் வழிகாட்டிகளில் இருக்காது, நமக்கு ரொம்ப முக்கியம். ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூப்பதற்கு ஈரம் ஒரு காரணம். அதைவிட வேகமாகக் கெடுப்பது அமில ஆவி. ரப்பர் பாலை உறைய வைக்க நாம் ஃபார்மிக் அமிலம் வைத்திருக்கிறோம். ஷீட் அடிக்கும் கொட்டகையிலோ, ஆசிட் கேன் இருக்கும் அறையிலோ பெல்லட் டப்பா இருந்தால் ஈயம் சீக்கிரமே வெளுத்துவிடும். அசெட்டிக் அமிலமும் அப்படித்தான், வினிகர் பாட்டில் உட்பட. மரமும் மெதுவாக இந்த ஆவியைக் கசியவிடும். புதிதாகச் செய்த மர அலமாரியின் மூடிய இழுப்பறை ஈயத்துக்கு ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, உலோக அலமாரியில் வையுங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ரைஃபிளின் இரும்பைச் சுட்ட அன்றே துடைக்க வேண்டும். உப்புக் காற்றும் கைவியர்வையும் ஓர் இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும். துணி உறைக்குள் போட்டு மூடி வைப்பது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் உருண்டைகளோ மெல்லிய கயிற்றில் கட்டிய துணியோ போதும், முடிந்தவரை பெல்லட் போடும் பக்கத்திலிருந்து. பித்தளைத் தூரிகையை நுழைக்க வேண்டாம். கூட்டம் விரியத் தொடங்கும்போது சுத்தம் செய்தால் போதும். வாராவாரம் தேய்ப்பதால் நன்மை இல்லை.

பத்தாம் படி: சுடும் இடமும் பின்தடுப்பும்

நம் மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெற்றுவெளி கிடையாது. ஒரு விளை முடிந்தால் அடுத்த விளை, நடுவில் வீடு, ஒற்றையடிப் பாதை, பால் வெட்டப் போகும் ஆள். 4.5 மி.மீ. பெல்லட் மேல்நோக்கிச் சுட்டால் சில நூறு மீட்டர் போய் விழும். கிட்டத்தில் பட்டால் கண் போகும், உயிரும் போகலாம். ஆகவே பின்தடுப்பு அமையும் முன் ஒரு பெல்லட்டும் பேரலுக்குள் போகக் கூடாது.

தென்னை, ரப்பர் மரத்தில் அட்டையைக் குத்திச் சுடாதீர்கள். வளைந்த தண்டில் பட்ட பெல்லட் பக்கவாட்டில் தெறிக்கும். செங்கல், கருங்கல் சுவரும் கூடாது. 3 மி.மீ. இரும்புத் தகட்டைப் பெட்டிக்குள் கீழ்நோக்கிச் சாய்த்து வெல்டிங் செய்து, அடியில் மணல் போட்டால் பெல்லட் மோதி மணலில் விழும். அதற்குப் பின்னால் மண்மேடோ அடுக்கிய மணல் மூட்டையோ இருக்கட்டும். அந்த மேட்டுக்குப் பின்னால் யாரும் நடமாட முடியாத அமைப்பு வேண்டும். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பிள்ளைகள் சுடும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். சுட்டு முடித்ததும் ரைஃபிளும் பெல்லட்டும் தனித்தனியாகப் பூட்டுக்குள் போக வேண்டும்.

உயிர்களை நோக்கித் திருப்பவே திருப்பாதீர்கள். வாழையை அழிக்கும் மயிலும் குரங்கும் பன்றியும் விவசாயிக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும், பெல்லட் பட்ட விலங்கு சாகாமல் நாள்கணக்கில் துடிக்கும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி. சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை; எங்கிருந்தோ பறந்து வந்து அங்கே இறங்கும் பறவைகளை நம்பித்தான் அந்தப் பெருமை வந்தது. குளக்கரைக்கு ரைஃபிளை எடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

பதினொன்றாம் படி: ஈயத்தைக் கையாளுதல்

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்றோடு விட்டுவிடுங்கள். ஈயம் உடலில் சேரும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வெளியே தெரியாமலே பாதிக்கும். சுடும்போது சாப்பாடு, டீ வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சட்டைப் பையில் உதிரிப் பெல்லட் வைக்காதீர்கள். பின்தடுப்புப் பெட்டியில் சேரும் ஈயத்தைக் கையுறை போட்டு, லேசாக நனைத்து அள்ளி, மூடியுள்ள டப்பாவில் சேர்த்துப் பழைய உலோகம் வாங்கும் கடையில் கொடுங்கள். கிணற்றுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் கொட்டக் கூடாது. வீட்டு அடுப்பில் உருக்கி எதையும் வார்க்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். பெல்லட்டின் பெயர், தலை அளவு, டப்பாவில் அச்சடித்த தொகுப்பு எண், வேகம், ஜூல், கூட்டத்தின் சராசரி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒத்துவந்த தொகுப்பு எண் கடையில் இன்னும் இருந்தால் ஒரு வருடத்துக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள். தொகுப்பு எண் மாறினால், பெயர் அதே என்றாலும், க்ரோனோகிராஃப் முன்னால் பத்துச் சூடும் காகிதத்தில் ஐந்து கூட்டமும் மறுபடி.